டுவூம்பா மேற்கில் புது மனை வாங்கலாமா? இந்த ஊர் எவ்வளவு பேரைத் தாங்கும்?

கொடிமல்லி:
எல்லோருக்கும் வணக்கம். நானும் கணவரும் 491 விசாவில் (பெரிய நகரங்களுக்கு வெளியே வாழ்ந்து வேலை செய்வதற்கான தற்காலிக விசா) ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள டுவூம்பாவுக்கு வந்து மூன்று வருடம் முடியப் போகிறது. நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவர் ஒரு பட்டறையில் வெல்டர். இந்த மூன்று வருடத்தில் மூன்று வீடு மாறிவிட்டோம். முதல் வீட்டு வாடகை வாரம் 390 டாலர், இப்போது 560. இந்த வீட்டையும் உரிமையாளர் விற்கப் போகிறார், இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும்.

போன சனிக்கிழமை கிளென்வேலில் ஒரு வீட்டு இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனோம். பத்தேகாலுக்கு என்று போட்டிருந்ததால் பத்து மணிக்கே போய் நின்றோம். அதற்குள் வாசலிலிருந்து அடுத்த வீட்டு வேலி வரை வரிசை. எனக்கு முன்னால் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் ஆஸ்திரேலியப் பாட்டி. பதினோரு வருட வாடகை ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரு ஃபைலாகக் கொண்டு வந்திருந்தார். ஏஜென்ட் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, ஆன்லைனில் விண்ணப்பியுங்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காருக்கு நடந்து போனது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

வீடு திரும்பியதும் கணவர், போதும், ஏதாவது வாங்கிவிடுவோம் என்றார். மேற்கே வெல்கேம்ப் பக்கம் புது மனைப் பிரிவில் வீடும் நிலமும் சேர்ந்த பேக்கேஜ் ஒன்று பார்த்திருக்கிறோம். மண் கன்னங்கரேல் என்று இருக்கிறது. வாங்கலாமா? அந்தப் பக்கம் தண்ணீர், சாலை, பள்ளிக்கூடம் எல்லாம் வருமா? ஊரை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாய்தளம்:
நான் சிவில் இன்ஜினியர், வடிகால் வேலை. முதலில் மண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

டுவூம்பாவின் கிழக்குப் பக்கம், அதாவது மலை விளிம்பில், எரிமலைச் செம்மண். மேற்கே டார்லிங் டவுன்ஸ் சமவெளியில் இறங்க இறங்கக் கரிசல். நம் கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலின் சுபாவம்தான் இதற்கும். மழையில் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோதுமைக்கும் பருத்திக்கும் அருமையான மண், வீட்டு அஸ்திவாரத்துக்குப் பொல்லாத மண்.

இங்கே மனைக்கு மண் சோதனை செய்து வகுப்பு கொடுப்பார்கள். தரை மட்டம் 20 முதல் 40 மில்லிமீட்டர் வரை அசையும் என்றால் எம். 60 வரை என்றால் எச் 1, 75 வரை என்றால் எச் 2, அதற்கும் மேலே போனால் ஈ. வகுப்பு ஏற ஏற கான்கிரீட் தளத்தின் அடியில் விட்டங்கள் ஆழமாகும், கம்பி கூடும், செலவும் கூடும். விளம்பரத்தில் போடும் பேக்கேஜ் விலை பெரும்பாலும் நல்ல மண்ணை நினைத்துப் போட்டது. ஒப்பந்தத்தில் 'சைட் காஸ்ட்', அதாவது மனையைக் கட்டுவதற்குத் தயார் செய்யும் செலவு, என்று ஒரு வரி உத்தேசத் தொகையாக இருக்கும், பிறகு வீங்குவது அதுதான். மண் சோதனை அறிக்கை கைக்கு வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பனிமூட்டம்:
நாங்கள் மெல்பர்னிலிருந்து 2021இல் வந்தோம். என் கருத்து, வாங்கிவிடுங்கள். நான் வாங்கியபோதும் பொறு பொறு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பொறுத்திருந்தால் இன்று அதே வீட்டை என்னால் தொட முடியாது. சைட் காஸ்ட் கொஞ்சம் கூடினால் கூடட்டும். பிள்ளைகள் ஓடியாட இடம், பின்பக்கம் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை. இதற்காகத்தானே பெரிய நகரத்தை விட்டு வந்தோம்?

கிணற்றடி:
தங்கச்சி, நான் இந்த ஊருக்கு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்தில் கிணற்றை நம்பி வளர்ந்தவன், அதனால் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தண்ணீரைத்தான் விசாரிப்பேன். இங்கே விசாரித்தபோது எனக்கே ஆச்சரியம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில், மலை உச்சியில் ஊர். பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. இந்தப் பக்கத்தில் முதலில் எழுந்த ஊர் டிரேட்டன். அங்கே தண்ணீர் போதவில்லை, பக்கத்தில் 'சதுப்பு' என்று சொன்ன இடத்தில் தண்ணீர் இருந்தது. சனம் இங்கே நகர்ந்தது. அந்தச் சதுப்புத்தான் டுவூம்பா. தண்ணீருக்காக இடம் மாறிய ஊர் இது.

இப்போது குடிக்கிற தண்ணீர் மூன்று அணைகளிலிருந்து வருகிறது: கூபி, பெர்சவரன்ஸ், கிரெஸ்புரூக். பெர்சவரன்ஸ் 1965, கிரெஸ்புரூக் 1983. அதற்குப் பிறகு ஊருக்கென்று புது அணை ஒன்றும் இல்லை.

நான் வந்த புதிசில் அணைகள் வற்றிக்கொண்டிருந்தன. கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீரோடு கலக்கலாமா என்று 2006 ஜூலை 29ஆம் தேதி ஊரிடம் வாக்கெடுப்பு வைத்தார்கள். ஏறக்குறைய 62 சதவீதம் வேண்டாம் என்றது. அதன் பிறகு தோட்டத்தில் ஹோஸ் பிடிக்கத் தடை. என் மனைவி குளிக்கிற இடத்தில் வாளி வைத்துச் சேர்த்த தண்ணீரில்தான் எங்கள் ரோஜாச் செடி பிழைத்தது. கடைசியில் கீழே விவன்ஹோ அணையிலிருந்து கிரெஸ்புரூக்குக்குக் குழாய் போட்டார்கள், 2010 ஜனவரியில் வேலை முடிந்தது. நாங்கள் வேண்டாம் என்ற சுத்திகரித்த தண்ணீர் ஆக்லாண்ட் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், புதிதாக ஒரு வீடு கட்டும்போது அந்த வீட்டுக் குழாய்த் தண்ணீர் எந்த மலை ஏறி வருகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. விவன்ஹோ பிரிஸ்பேனுக்கும் தண்ணீர் கொடுக்கிற அணை. பற்றாக்குறை வந்தால் இரண்டு ஊருக்கும் சேர்ந்துதான் வரும். இப்போது அதே தண்ணீரை டுவூம்பா வழியாக வார்விக் வரை கொண்டுபோகவும் குழாய் போடுகிறார்கள். வார்விக்குக்குத் தெற்கே உள்ள ஸ்டான்தோர்ப் 2020 ஜனவரியில் வறண்டு, லாரியில் தண்ணீர் அடித்த ஊர். அந்தப் பக்கத்துக்கு இது தேவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பானை, நாலு அகப்பை.

கொடிமல்லி:
அண்ணா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. சாய்தளம் அண்ணா, கோவில்பட்டி என்று சொன்னதும் சிரித்துவிட்டேன். எனக்கு எட்டயபுரம். கோடையில் வெடிப்புக்குள் என் வளையல் விழுந்து, அப்பா கம்பியை வளைத்து எடுத்துக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அந்த மண்ணில்தான் வீடு கட்டப் போகிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு விஷயம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். எங்களுக்கு பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) இன்னும் வரவில்லை. 2025 ஏப்ரலிலிருந்து 2027 மார்ச் வரை தற்காலிக விசாக்காரர்கள் பழைய வீடு வாங்கத் தடை. புது வீடோ காலி மனையோ, அதுவும் அனுமதி வாங்கித்தான். அதனால்தான் ஏஜென்ட் எங்களை நேராக மேற்கே கூட்டிக்கொண்டு போனார். ஊர் நடுவில் எனக்குப் பிடித்த பழைய மரவீடுகளைக் காட்டக்கூட இல்லை.

சாய்தளம்:
இது முக்கியம். தடை மட்டும் இல்லை, குயின்ஸ்லாந்தில் வெளிநாட்டவர் கணக்கில் வருவதால் முத்திரைத் தீர்வைக்கு மேல் 8 சதவீதம் கூடுதல் வரியும் உண்டு. உங்களுக்கு மூன்று வருடம் முடிந்து 191க்கு, அதாவது பிஆர் விசாவுக்கு, விண்ணப்பிக்கும் நேரம் வந்துவிட்டது. அவசரப்பட்டு அந்த 8 சதவீதத்தைக் கட்டாதீர்கள்.

வாடகைமாணவன்:
நான் இங்கே சதர்ன் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். நான்கு அறை வீட்டில் ஏழு பேர். கராஜில் ஒருவன் படுக்கிறான். ஜூலைக் குளிரில் அவன் இரண்டு ஸ்வெட்டர் போட்டு, அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துப் படுத்தான். புகார் செய்தால் வீடே போய்விடும் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம்.

வெல்கேம்ப் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கொரோனாவுக்காக ஆயிரம் படுக்கையோடு தனிமை முகாம் கட்டினார்களே, அது 2022 பிப்ரவரியில் திறந்து ஆகஸ்டிலேயே மூடியது. தங்கியவர்கள் ஏறக்குறைய 700 பேர். காரில் படுத்துத் தூங்குகிறவர்கள் இருக்கிற ஊரில் அத்தனை அறை கட்ட முடிந்திருக்கிறது. எனக்கு மனசு ஆறவே இல்லை.

பனிமூட்டம்:
ஆயிரம் படுக்கை இருந்தாலும் அது ஊருக்கு வெளியே. பஸ் இல்லாமல் வேலைக்கு எப்படிப் போவது? சமையலறையோடு குடும்பம் தங்கவும் அதைக் கட்டவில்லை.

நான் வெளிப்படையாகக் கேட்கிறேன், யாரும் தவறாக எடுக்க வேண்டாம். 2016 கணக்கெடுப்பில் இந்த கவுன்சில் பகுதி முழுவதற்கும் 1,60,000 சொச்சம், 2021இல் 1,73,000. ஐந்து வருடத்தில் 12,000 பேருக்கு மேல். வீட்டுக்கு இரண்டரைப் பேர் என்று வைத்தாலும் 5,000 வீடு வேண்டும். இவ்வளவு வேகமாக ஆட்களைக் கொண்டுவந்தால் யார்தான் கட்ட முடியும்? வருகிறவர்கள் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று சொல்வதில் என்ன தவறு?

கிணற்றடி:
தம்பி, நீர் 2021இல் வந்தீர். நான் இருபது வருடத்துக்கு முன். எனக்கு முன்னால் வந்தவர் எனக்குக் கதவைச் சாத்தியிருந்தால்? இந்த ஊரில் ஈராக்கிலிருந்து உயிர் தப்பி வந்த யசீதிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஊர் அவர்களை ஏற்றுக்கொண்டது இந்த ஊருக்குப் பெருமை. கொரோனா நேரத்தில் சிட்னியிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் வந்தவர்களை ஒருவரும் எண்ணிக்கை என்று சொல்லவில்லையே.

சாய்தளம்:
கேள்வி கேட்டது தவறில்லை. ஆனால் கணக்கின் ஒரு பக்கத்தைத்தான் பார்க்கிறீர்கள். 5,000 வீடு என்பது பெரிய எண்தான், கட்ட முடியாத எண் இல்லை. எங்கே கட்டுகிறோம், குழாய்க்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

புது மனைப் பிரிவு போடுகிறவர் கவுன்சிலுக்கு உள்கட்டமைப்புக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்கு மாநில அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2011இல் தொடங்கியபோது மூன்று அல்லது அதற்கு மேல் படுக்கையறை உள்ள வீட்டுக்கு 28,000 டாலர், சிறியதற்கு 20,000. பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டினார்கள். ஊர் நடுவில் ஏற்கெனவே குழாய் இருக்கிற தெருவில் ஒரு டூப்ளெக்ஸ் (ஒட்டிய இரட்டை வீடு) கட்டினாலும், கடைசிக் குழாயிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி வயலில் வீடு கட்டினாலும் உச்சவரம்பு ஒன்றுதான். வயலுக்கு மெயின் குழாய், கழிவுநீர் பம்ப், சுற்றுச்சாலை, வெள்ளத் தடுப்புக் குட்டை எல்லாம் வேண்டும். அந்தக் கட்டணத்துக்கு மேல் ஆகும் செலவை ரேட்ஸ் (கவுன்சிலின் சொத்து வரி) கட்டுகிற எல்லோரும் சுமக்கிறார்கள். 2008இல் எட்டு கவுன்சில்களை ஒன்றாக்கியதில் இந்தக் கவுன்சிலின் பரப்பு ஏறக்குறைய 13,000 சதுர கிலோமீட்டர். இதே கவுன்சிலில் தள்ளி இருக்கும் மில்மெரன் ஊரில் பழைய குழாய் மாற்றுவதும் இதே பணத்தில்தான்.

ஆகவே மேற்கே போகப் போக வீடு முதலில் வரும், சாலை பிறகு வரும், பள்ளி அதற்கும் பிறகு. கொடிமல்லி கேட்டதற்கு இதுதான் நேரான பதில். வரும், ஆனால் உங்கள் பிள்ளை அந்த வயதைத் தாண்டிய பிறகு வரலாம்.

இன்னொன்று, வெள்ளம். இதைப் புது ஆட்கள் நம்பவே மாட்டார்கள். மலை உச்சியில் என்ன வெள்ளம் என்பார்கள்.

கிணற்றடி:
அதை நான் சொல்கிறேன். 2011 ஜனவரி 10, திங்கட்கிழமை மதியம். வானம் இருண்டு, மழை கொட்டவில்லை, விழுந்தது. ஈஸ்ட் கிரீக், வெஸ்ட் கிரீக் என்று ஊருக்குள் இரண்டு ஓடை. சாதாரண நாளில் கணுக்கால் நனையாது. நான் ருத்வென் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு கடையின் மேல்மாடியில் நின்றேன். கார்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தீப்பெட்டிகள் போல மிதந்து போயின. ஒரு சிவப்புக் காரின் முன்விளக்கு தண்ணீருக்குள் எரிந்துகொண்டே போனது. ஊருக்குள் இரண்டு பேர் இறந்தார்கள், ஒரு தாயும் அவருடைய மகனும். அதே மழை மலைக்குக் கீழே கிரந்தாம் என்ற சிற்றூரை அடித்துக்கொண்டு போனது. பிறகு அந்த ஊரில் பலரை மேட்டு நிலத்துக்கு மாற்றிக் குடியேற்றினார்கள்.

சாய்தளம்:
அண்ணன் சொன்னதில் கவனிக்க வேண்டியது: அந்தத் தண்ணீர் வேறு எங்கிருந்தும் வரவில்லை. இரண்டு ஓடையும் ஊருக்குள்ளேயே பிறந்து, ஊருக்குள்ளேயே சேர்ந்து கௌரி கிரீக்காகிறது. ஊரின் கூரையிலும் சாலையிலும் விழுந்த தண்ணீர்தான் ஊரை அடித்தது. அதற்குப் பிறகு ஓடைக்கரையில் தடுப்புக் குட்டைகள் வெட்டியிருக்கிறார்கள். மழையில்லாத நாளில் அவை புல்வெளி மாதிரி இருக்கும், பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். எங்கே வீடு பார்த்தாலும் கவுன்சில் வலைத்தளத்தில் வெள்ள வரைபடம் பாருங்கள். மேற்கிலும் சிறு ஓடைகள் உண்டு. புதிதாகக் கான்கிரீட் போடப் போட அவற்றுக்கும் வேகம் கூடும்.

வாடகைமாணவன்:
ரயிலையும் சொல்லுங்கள். பிரிஸ்பேனில் வேலை, இங்கே வீடு என்று இருக்க முடிந்தால் எவ்வளவு பேருக்கு உதவும்!

சாய்தளம்:
மலையேறும் தண்டவாளம் 1867இல் போட்டது. வளைந்து வளைந்து ஏறும், குறுகிய பாதை. வெஸ்ட்லாண்டர் ரயில் வாரத்தில் இரண்டு நாள்தான், பிரிஸ்பேனிலிருந்து இங்கே வர ஏறக்குறைய நான்கு மணி நேரம். காரில் இரண்டு மணிக்குள். மெல்பர்ன்–பிரிஸ்பேன் சரக்குப் பாதையான இன்லாண்ட் ரயில் வந்தால் மலையில் புதுச் சுரங்கம் கிடைக்கும் என்று இருந்தோம். 2023இல் வந்த மறுஆய்வுக்குப் பிறகு முதலில் விக்டோரியாவிலிருந்து நியூ சவுத் வேல்ஸில் உள்ள பார்க்ஸ் வரைதான், நம் பகுதி தள்ளிப் போனது. சாலையில் மட்டும் ஒரு நல்லது நடந்தது. 2019இல் 41 கிலோமீட்டர் புறவழிச்சாலை திறந்தார்கள். அதற்கு முன் கனரக லாரிகள் ஜேம்ஸ் தெருவில் சிக்னலுக்கு சிக்னல் நின்று போகும்.

கொடிமல்லி:
மருத்துவமனை பற்றி நான் ஒரு வார்த்தை. எங்கள் முதியோர் இல்லத்தில் ஒருவர் விழுந்து இடுப்பு முறிந்தால் ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, படுக்கை கிடைத்ததா என்ற தகவலுக்காக நாங்கள் ஷிஃப்ட் முடிந்தும் உட்கார்ந்திருப்போம். பேய்லி ஹெண்டர்சன் வளாகத்தில் 118 கூடுதல் படுக்கையோடு புது மருத்துவமனை என்று 2022இல் அறிவிப்பு வந்தபோது கேக் வெட்டினோம். கட்டடம் எழும்புவது ஒரு பக்கம். அங்கே வேலை செய்யப் போகிற நர்சுகள் எங்கே தங்குவார்கள்? என்னோடு சேர்ந்த இரண்டு பெண்கள், வீடு கிடைக்காமல் வேலையை விட்டே போனார்கள். பனிமூட்டம் அண்ணா, ஆட்கள் வரக்கூடாது என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு அந்த இருவர் முகம்தான் தெரிகிறது. அவர்கள் இருந்திருந்தால் போன மாதம் நான் தொடர்ந்து மூன்று இரவு நின்றிருக்க மாட்டேன்.

பனிமூட்டம்:
தங்கச்சி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் அம்மாவுக்குப் போன வருடம் இங்கேதான் அறுவை சிகிச்சை. பார்த்துக்கொண்டது ஒரு கேரளப் பெண்ணும் ஒரு பிலிப்பினோ பையனும். எண்ணிக்கை பற்றி எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஊர் நடுவில் நெருக்கிக் கட்டுவது பற்றி எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரே மனையில் நான்கு யூனிட் போட்டார்கள். இருந்த ஜகரண்டா மரத்தை வெட்டிவிட்டார்கள், தெரு முழுக்கக் கார். தோட்டங்களின் ஊர் என்று பெயர் வைத்துக்கொண்டு, செப்டம்பரில் மலர்த் திருவிழா நடத்திக்கொண்டு, மரத்தை வெட்டினால் எப்படி?

சாய்தளம்:
அந்த மரம் போனது எனக்கும் வருத்தம்தான். நடுவில் கட்டுவதென்றால் மரத்தை வெட்டிக் கட்டுவது என்று அர்த்தமில்லை. இந்த ஊரில் கால் ஏக்கர் மனையில் வயதான இருவர் மட்டும் இருக்கும் வீடுகள் எத்தனை! பின்பக்கம் ஒரு கிரானி ஃபிளாட் (அதே மனையில் ஒரு சிறு தனி வீடு) போட்டால் அது ஒரு நர்சுக்கு வீடு. முன்பு அதில் சொந்தக் குடும்பத்தார்தான் இருக்கலாம் என்று விதி. 2022 செப்டம்பரில் அதை மாற்றி, யாருக்கும் வாடகைக்கு விடலாம் என்றார்கள். குழாய், சாலை, பஸ் எல்லாம் வாசலில் ஏற்கெனவே இருக்கிறது. நான் என் வீட்டில் அப்படி ஒன்று கட்டினேன். மரத்தின் வேர் போகாத பக்கம் பார்த்து, அளவைக் கொஞ்சம் குறைத்துப் போட்டோம். மரம் நிற்கிறது.

தெருவில் நடப்பதைத் தடுக்கவோ திருத்தவோ வழி உண்டு. பொது அறிவிப்பு தேவைப்படும் விண்ணப்பம் என்றால் மனையில் பலகை வைத்து, குறைந்தது 15 வேலை நாள் கருத்துக் கேட்க வேண்டும். அந்த நாளுக்குள் பெயர், முகவரி, காரணத்தோடு எழுத்தில் கொடுத்தால், பிறகு திட்டமிடல் நீதிமன்றம் வரை போகும் உரிமை வருகிறது. எல்லா விண்ணப்பத்துக்கும் பலகை வராது, அதனால் வரும்போது விடக்கூடாது. வேண்டாம் என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. வடிகால், மரம், நடைபாதை என்று குறிப்பாக எழுதினால் அதை நிபந்தனையாகச் சேர்ப்பார்கள். நம் ஆட்கள் இதை எழுதுவதே இல்லை. பிஆர் வராதவர்களும் எழுதலாம்.

கிணற்றடி:
தண்ணீரையும் சேர்த்து எழுதுங்கள்.

கொடிமல்லி:
பேக்கேஜ் வேண்டாம் என்று இன்று ஏஜென்டிடம் சொல்லிவிட்டோம். மண் அறிக்கை கேட்டதற்கு, முன்பணம் கட்டிய பிறகுதான் தருவோம் என்றார்கள். பிஆர் வரும்வரை வாடகைதான். சாய்தளம் அண்ணாவின் கிரானி ஃபிளாட் அடுத்த மாதம் காலியாகிறதாம், தனிச்செய்தியில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் தெருமுனையில் காலி மனையில் நேற்று ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு யூனிட். பின்னால் ஓடை. போட்டோ எடுத்து இங்கே போட்டிருக்கிறேன், கடைசித் தேதி பலகையின் அடியில் இருக்கிறது. வீடு வேண்டும், ஆனால் ஓடைப் பக்கம் தண்ணீர் நிற்க இடம் விட வேண்டும், நடைபாதை வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். என் ஆங்கிலத்தை யாராவது ஒருமுறை பார்த்துத் தருவீர்களா?

பனிமூட்டம்:
அனுப்புங்கள், நான் பார்க்கிறேன். அந்த மனையில் ஒரு பெரிய கற்பூர மரம் இருக்கிறதே, அதையும் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.